பலாலிக்கு எவ்வளவு நேரம்?

போன மாதம் ஈஸ்ட்ஹாம் வீட்டில் அம்மா கேட்டா: "தம்பி, மெட்ராஸில இருந்து பலாலிக்கு பிளேனில எவ்வளவு நேரம்?" அவ முழங்கால் வருத்தக்காரி. கட்டுநாயக்காவில் இறங்கி ஏழெட்டு மணித்தியாலம் வானுக்குள் குந்தியிருக்க ஏலாது. அதனால் நான் தூரங்களைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன்.

பலாலியிலிருந்து வடக்கே சென்னை, நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீற்றர். தெற்கே கொழும்பின் இரத்மலானை சுமார் 330. ஏறக்குறைய நடுவில் இருக்கிறோம்! ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்ள் து கோல் விமான நிலையமும் இதே அளவுதான். லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போய்வருகிற எம்மவருக்கு இது ஒரு தூரமா?

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்த ஓடுபாதை பலாலி. போர் முடிந்து, 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதலாவது பறப்பு இரத்மலானையில் கிளம்பி, எங்கள் மண்ணில் இறங்கி, மெட்ராஸ் போனது. சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அது டக்கோட்டா விமானம், மணிக்கு 270 கிலோமீற்றர் அளவில் பறப்பது. பலாலியிலிருந்து மெட்ராஸ் ஒன்றே கால் மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

1974 இல் ஐயாவோடு அவ்ரோவில் இரத்மலானைக்குப் போனேன். ஒரு மணித்தியாலம்தான். தனக்குத் தந்த இனிப்பையும் ஐயா எனக்கே தந்தார். 1978 செப்ரெம்பர் 7 அன்று பலாலியிலிருந்து போன ஒரு அவ்ரோ, ஆட்கள் இறங்கிய பிறகு, இரத்மலானையில் குண்டு வெடித்து எரிந்தது. பிறகு போர். சென்னைப் பறப்பு நின்றது. 1990 இல் பலாலி, வசாவிளான், மயிலிட்டிச் சனங்கள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டார்கள். எங்கள் வீடும் அதற்குள்தான்.

1993 இல் அம்மாவும் நானும் கொழும்புக்கு வெளிக்கிட்டபோது அதே தூரத்துக்கு நான்கு நாள் எடுத்தது. நிலவில்லாத இரவில் கிளாலிக் கடலேரியில் வள்ளம், பிறகு உழவு இயந்திரம், சைக்கிள், தாண்டிக்குளத்தில் வரிசை, வவுனியாவில் ரயில். நேவி வந்துவிடுமோ என்று வள்ளத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பாஸ்போட் சுற்றிய பொலித்தீன் பையை அம்மா மடியை விட்டு எடுக்கவேயில்லை.

1998 செப்ரெம்பர் 29 பின்னேரம் பலாலியில் கிளம்பிய லயன் எயார் விமானம் பத்து நிமிடத்தில் தொடர்பை இழந்தது. 55 பேர். புலிகளின் ஏவுகணையே அதை வீழ்த்தியதாகப் பின்னர் வெளிவந்தது. சிதைவுகள் 2012 இல்தான் இரணைதீவுக் கடலடியில் கண்டெடுக்கப்பட்டன. அந்த ஒரு மணித்தியாலப் பயணத்துக்குக் காத்திருந்த குடும்பங்களுக்குப் பதினான்கு வருடம்.

2019 ஒக்ரோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த வருடம் கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை, 2022 டிசெம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியது. அட்டவணையில் ஏறக்குறைய ஒன்றே கால் மணித்தியாலம். டக்கோட்டாக் காலக் கணக்குத்தான், பாருங்கோ! விசாப் படிவங்கள் நிரப்புகிற நேரத்தை நான் சேர்க்கவில்லை.

இதையெல்லாம் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவ வருடங்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"இறங்கேக்க எங்கட காணி தெரியுமோ?"

எனக்கும் தெரியாது. ஜன்னல் பக்க இருக்கையாக எடுத்திருக்கிறேன்.