செயல்முறைத் துப்பாக்கி சுடுதலில் நகர்வு முறைகள்

செயல்முறைத் துப்பாக்கி சுடுதல் என்பது தடுப்புகளுக்கும் இலக்குகளுக்கும் இடையே ஓடியும் குனிந்தும் சாய்ந்தும் சுடும் போட்டி விளையாட்டு. ஒலிம்பிக் ரைபிள், பிஸ்டல் போட்டிகளில் வீரர் நின்ற இடத்தை விட்டு அசைவதில்லை. இங்கே கால்களும் போட்டியிடுகின்றன. இதன் சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.பி.எஸ்.சி. 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் உருவானது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர்.

நகர்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு விடை மதிப்பெண் முறையில் இருக்கிறது. பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவது ‘ஹிட் ஃபேக்டர்’. காகித இலக்கின் நடுப்பகுதிக்கு 5 புள்ளி. குறி தவறினால் 10 புள்ளி கழியும். 32 தோட்டாக்கள் கொண்ட நீண்ட சுற்றில் 160 புள்ளிகளையும் 20 நொடியில் எடுத்தவருக்கு 8.00 கிடைக்கும். 150 புள்ளிகளை 18 நொடியில் எடுத்தவரோ 8.33 பெற்று முந்திவிடுவார். அந்த 2 நொடியை விசையை வேகமாக இழுத்துச் சேமிப்பது கடினம். இடம் மாறுவதில் சேமிக்கலாம்.

புதியவர்கள் பெரும்பாலும் ஓட்ட வேகத்தைக் கூட்டப் பார்க்கிறார்கள். இரு நிலைகளுக்கு இடையே பல சமயம் சில மீட்டரே இருப்பதால் முழு வேகத்தை எட்டவே இடமிருக்காது. நேரம் கரைவது புறப்படும்போதும் வந்து நிற்கும்போதும்தான். கால்களை அகட்டி, முழங்கால்களை மடக்கித் தாழ்ந்து நிற்பவர் கடைசிக் குண்டு வெளியேறியதும் தரையை உந்தி உடனே கிளம்பலாம். நிமிர்ந்து நிற்பவரோ முதலில் உடலைத் தாழ்த்தியாக வேண்டும். அடுத்த நிலையை நெருங்கும்போது கடைசி எட்டுகளைச் சுருக்கி, துப்பாக்கியை முன்னதாகவே கண்மட்டத்துக்கு உயர்த்திவிட வேண்டும். இலக்கு தெரிந்த கணமே முதல் குண்டு புறப்படும். கால் முழுதாக ஊன்றும்வரை காத்திருப்பதுதான் இந்த விளையாட்டில் அதிகம் காணப்படும் வீண்செலவு.

கிட்டத்தில் உள்ள இலக்குகளை நடந்தபடியே சுடலாம். முழங்கால்கள் மடங்கியிருக்க, குதிகாலிலிருந்து விரல்நுனிவரை பாதத்தை உருட்டி வைத்தால் மேலுடல் குலுங்காது. தொலைவிலுள்ள சிறிய இலக்குக்கு நின்று சுடுவதே லாபம்.

மேகசினை ஓட்டத்தின் தொடக்கத்திலேயே மாற்றிவிட்டால் வந்து சேரும்போது கைகள் தயாராக இருக்கும். வலக்கைப் பழக்கமுள்ளவர் இடப்பக்கம் ஓடியபடி மாற்றும்போது மிகுந்த கவனம் தேவை: உடல் திரும்பும் திசைக்கே துப்பாக்கி முனையும் இழுபடும். அனுமதித்த கோணத்தை முனை தாண்டினாலோ, குறிபார்க்காமல் நகரும்போது விரல் விசைக்காப்புக்குள் இருந்தாலோ வீரர் போட்டியிலிருந்தே நீக்கப்படுவார். இதில் எச்சரிக்கை கிடையாது, கிடையாதிருப்பதே சரி.

சுற்று தொடங்குமுன் களத்தை நடந்து பார்க்க வீரர்களுக்கு நேரம் தரப்படும். தேர்ந்தவர்கள் எந்த இலக்கை எங்கிருந்து சுடுவது, எந்தக் கால் எங்கே ஊன்றுவது, எங்கே மேகசின் மாற்றுவது என்பதை அப்போதே முடிவுசெய்து, கண்ணை மூடினாலும் தெரியும்வரை மனத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஓர் இலக்கு இரண்டு இடங்களிலிருந்து தெரிந்தால் ஒரு நிலையையே முழுதாகத் தவிர்க்கவும் வழி பிறக்கலாம்.