துணைக்கு ஓர் ஆள்

சிவகிரியிலிருந்து புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கப் புறப்படுகிறவர்களுக்கு மூன்று வழி. வடக்கே ராஜபாளையம், மதுரை, அதையும் தாண்டிச் சென்னை. தெற்கே திருநெல்வேலி, அதற்கப்பால் நெய்யூர். மேற்கே செங்கோட்டைக் கணவாய் ஏறித் திருவனந்தபுரம். (ஈரோட்டுப் பக்கத்துச் சிவகிரியும் வர்க்கலைச் சிவகிரியும் வேறு. இது மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பழைய ஜமீன் ஊர். முன்பு சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்தது, இப்போது தென்காசி மாவட்டத்தில் தனித் தாலுகா.) எந்த வழியில் போனாலும் கூட ஒருவர் போயாக வேண்டும். இந்த நோயின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆஸ்பத்திரிகளையும் டாக்டர்களையும் பற்றி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மஞ்சப்பையில் ஃபைலைப் போட்டுக்கொண்டு கூடப் போனவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

நோய் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1902-லேயே சென்னைப் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவர் நிப்லாக், கன்னத்தில் புற்றோடு வருகிறவர்களையும் அவர்களுடைய வெற்றிலைப் பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்து எழுதினார். பிறகு நெய்யூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். லண்டன் மிஷன் 1838-லேயே அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல், லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய வாழ்வை விட்டுவிட்டு இந்த ஆஸ்பத்திரியில் வந்து கத்தி பிடித்தார். ரேடியம் என்ற பெயரையே பலரும் கேள்விப்பட்டிராத காலத்தில் நெய்யூரில் அதைக் கொண்டு புற்றுக்கு வைத்தியம் நடந்தது. அங்கே பணிபுரிந்த டாக்டர் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

எந்தக் கன்னத்தில் புகையிலையை அதக்குகிறார்களோ, பெரும்பாலும் அந்தக் கன்னத்தில்தான் புண் வரும். கண்ணால் பார்க்கக்கூடிய இந்த விஷயத்தை உலகம் ஒப்புக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது 1985-இல்; டாக்டர் ஆர் எழுதி 52 ஆண்டு கழித்து. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் அதே ரகம்தான் என்று சொன்னது 2004-இல். "நான் புகையிலை தொடுறதில்லை, வெறும் பாக்குதான்" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. 2013-இல் தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் தடை செய்யப்பட்டன. பெட்டிக்கடைகளில் தடை எந்த அளவுக்கு நடக்கிறது என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

ஊரில் ஆறாத புண் என்றால் முதலில் போவது கோயிலுக்கு. சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் கிடைக்கும் புற்றுமண், தோல் நோய்க்கு மருந்தென்று தலைமுறை தலைமுறையாக நம்பப்படுவது. அதை நெற்றியில் இட்டுக்கொள்வதில் யாருக்கும் கெடுதல் இல்லை. புண்ணின் மேல் அப்பிக்கொண்டு மூன்று மாதம் காத்திருப்பதில்தான் கெடுதல். பச்சிலை வைத்துக் கட்டுவதும், கட்டியைச் சுடுவதும், கீறிவிடுவதும் இதே கணக்குத்தான். சதைப் பரிசோதனைக்கு ஊசி போட்டால் நோய் பரவிவிடும் என்று பயந்து இப்படித் தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. சதையை எடுத்துப் பார்க்காமல் இது புற்றா இல்லையா என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சென்னையின் கதை ஒரு அக்கா தங்கை கதை. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயில் இறந்தார். கூட இருந்து பார்த்தவர் அக்கா; அவரே டாக்டர், இருந்தும் செய்ய ஒன்றுமில்லை. 1934-இல் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் வந்தது. ஆனால் புற்றுக்கென்றே தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று முத்துலட்சுமி கேட்டபோது, செத்துப்போகிற நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற பதிலே அதிகார வட்டாரத்திலிருந்து வந்தது என்று பின்னாளில் டாக்டர் சாந்தா சொல்லிவந்தார். விடாமல் பெண்கள் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார் முத்துலட்சுமி. 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் 12 படுக்கையோடு, குடிசை என்று சொல்லத்தக்க கட்டடத்தில் புற்றுநோய் நிலையம் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி தலைமை. அடுத்த ஆண்டு சாந்தா வந்து சேர்ந்தார். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு.

1957-இல் கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி அடையாற்றுக்கு வந்தது. ஆசியாவிலேயே முதல் கருவி என்று அந்த நிலையம் பதிவு செய்திருக்கிறது. மருத்துவர்களுக்கு அது பெரிய பாய்ச்சல். சிவகிரிக்காரருக்கு அதனால் வந்த புதுப் பிரச்சினை வேறு. அறுவை என்றால் பத்து நாளில் ஊர் திரும்பலாம். கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். ஒரு நாளைக்கு மேசையில் படுத்திருப்பது சில நிமிடம். மீதி நேரம் முழுக்க 550 கிலோமீட்டருக்கும் அப்பால், தெரியாத ஊரில், ஒரு வாடகை அறையிலோ சத்திரத்திலோ. ஊரில் நாற்று நட ஆள் இல்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லை. 'துணைக்கு ஓர் ஆள்' என்பது அன்றிலிருந்து ஒரு முழுநேர வேலையானது, சம்பளமில்லாமல்.

அந்த ஆள் கற்றுக்கொள்ள வேண்டியவை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரப்படாதவை. கதிர் எங்கே விழ வேண்டும் என்பதற்குத் தோலில் மையால் கோடு போட்டு அனுப்புவார்கள். ஊதாவாகவோ சிவப்பாகவோ, கன்னத்திலும் கழுத்திலும், குழந்தை கிறுக்கியதுபோல் இருக்கும். அசிங்கமாயிருக்கிறதே என்று சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டால் மறுநாள் அளவெடுக்கும் வேலை முதலிலிருந்து தொடங்கும். அந்த இடத்தில் மஞ்சளும் எண்ணெயும் தடவக் கூடாது. டாக்டர் கொடுத்த களிம்பு மட்டும். கழுத்துப் பட்டன் இறுக்காத பருத்திச் சட்டை போடலாம். மூன்றாவது வாரத்தில் வாய் வெந்துபோகும், எச்சில் வற்றும். அப்போது காரக்குழம்புக்கு விடுமுறை. குழைந்த சாதத்தில் நெய், மோர், முட்டை, ஆறிய கஞ்சி, பாலில் ஊறவைத்த இட்லி. ஒரே தட்டில் வற்புறுத்தித் திணிக்காமல் இரண்டு மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாக. வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்டிகை உப்பும் சமையல் சோடாவும் போட்டுச் சாப்பிட்டபின் கொப்பளிக்கச் சொல்வார்கள். சாதாரண காரியந்தான். ஆனால் வாய்ப் புண்ணால் சாப்பிட முடியாமல் பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு ரயில் ஏறுகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது இதுதான்.

கீமோ ஏற்றிய வீட்டுக்கு வேறொரு விதி உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரி என்றாலும் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருப்பது ஆபத்து. வெள்ளையணுக்கள் குறைந்த உடம்பில் தொற்று சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்காமலே ஊசி போட்டு அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. கேட்டு வாங்கிவைப்பது துணையாளின் பொறுப்பு.

1968-69இல் தமிழ்நாடே ஒரு நோயாளிக்குத் துணையிருந்தது. அண்ணாவுக்கு உணவுக்குழாயில் புற்று. நியூயார்க் போய் அறுவை செய்துகொண்டு வந்தார். பிறகு மீண்டும் நோய் முற்றி, 1969 பிப்ரவரி 3 அன்று அடையாறு நிலையத்தில் உயிர் பிரிந்தது. நோயின் பெயரை வீட்டுக்குள்ளேயே தணிந்த குரலில் சொல்லிவந்த கிராமங்களில் ரேடியோவும் பத்திரிகையும் அதைத் தினமும் சொல்லின. காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அவர் பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

ஆனாலும் மறைக்கும் வழக்கம் போகவில்லை. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று அறைக்கு வெளியே மகன் கேட்டுக்கொள்வது இன்றைக்கும் எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிற காட்சி. அன்பில் செய்வதுதான். ஆனால் மொட்டையான தலையோடு கதிர்வீச்சு வார்டின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் தெரியாததுபோல் இரு பக்கமும் நடிப்பதில் நிலப் பத்திரம், கடன், கடைசி ஆசை எல்லாம் பேசப்படாமல் போகின்றன. அவர் கேட்கிற அளவுக்கு, அவர் கேட்கிறபோது, பொய்யில்லாமல் சொல்வதே நல்லது. இதோடு ஒட்டிவந்த இன்னொரு வழக்கம் தனித்தட்டு, தனி டம்ளர். புற்று ஒட்டுவாரொட்டி அல்ல. பேரப்பிள்ளை தாத்தா மடியில் தாராளமாக உட்காரலாம். சளி, காய்ச்சல் இருக்கிற பிள்ளையை மட்டும் தள்ளி வைத்தால் போதும்.

பெண்களுக்குக் கூடப் போக ஆள் கிடைப்பது எப்போதும் கடினம். மாமியாருக்கு முடியவில்லை என்றால் மருமகள் போவாள், மருமகளுக்கு என்றால்? கருப்பைவாய்ப் புற்றும் மார்பகப் புற்றும் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கு இது ஒரு காரணம். ஆஸ்பத்திரியை ஊருக்குக் கொண்டுபோனால் என்ன என்று திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000-இல் ஒரு சோதனை தொடங்கியது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரின் சாரம், தடவி ஒரு நிமிடம் பார்ப்பது. வெளுத்தால் மேல் பரிசோதனை. பயிற்சி பெற்ற நர்சுகளே செய்தார்கள். இந்த நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. அதே ஆண்டுவாக்கில் தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு முன்னோட்டம் நடத்தி, பின்னர் மாநிலம் முழுக்க விரித்தது. அரசு ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை.

மேற்கு வழி திறந்தது 1981-இல், திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் வந்தபோது. செங்கோட்டை வழியே கொல்லத்துக்கு 1904-லிருந்து ரயில் உண்டு. தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். மொழிதான் வேறு, வார்டில் தமிழ் கேட்காத நாள் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்றும் வந்தது. 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, நோயாளிக்கு மார்ஃபின் வாங்கிக் கொடுப்பது கடத்தல் அளவுக்குக் கஷ்டமாகிவிட்டது. அபின் பயிரிட்டு உலகத்துக்கு விற்கிற நாட்டில் நம் நோயாளிகள் வலியில் கத்தினார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, நோயாளியின் வீட்டுக்கே போக ஆரம்பித்தார்கள். சட்டம் தளர்ந்தது 2014-இல். புற்று வலிக்கு வாய்வழி மார்ஃபின் கேட்பது வெட்கமல்ல. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்ற பயமும் வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்க வேண்டும்.

செலவு விஷயத்தில் தாத்தா காலத்தைவிட இன்று வழி அதிகம். 2009-இல் கலைஞர் காப்பீடு, 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். அட்டையை நோய் வந்த பிறகு தேடாமல் முன்பே எடுத்துவைத்தவர்கள் பிழைத்தார்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே கிடையாது, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான படிவத்தை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க வேண்டும். சங்கரன்கோவிலிலோ ராஜபாளையத்திலோ பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்கள் பலர் இது தெரியாமலே முழு டிக்கெட் எடுக்கிறார்கள். பீடி சுற்றும் பெண்களிடம் தொழிலாளர் நல அடையாள அட்டை இருந்தால் அவர்களுக்குப் புற்றுநோய்ச் செலவைத் திரும்பப் பெற மத்திய அரசுத் திட்டம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சையும் சேர்த்தி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணோ, மார்பில் கட்டியோ, மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கோ இருந்தால், திருநெல்வேலி, மதுரை என்று யோசித்துக்கொண்டிருக்காமல் முதலில் சிவகிரி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கிறவரைப் பார்க்கப் போகிற உறவினர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கூட இருப்பவர் தூங்கி எத்தனை நாளாயிற்று? வாரத்தில் ஓர் இரவு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்தப் பெஞ்சில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள்.