மக்காச்சோளம் வந்தது, சுண்ணாம்பு வரவில்லை

எங்கள் பக்கம் மக்காச்சோளம் என்றால் கோழித் தீவனம். நாமக்கல் அருகே ஒரு தீவன ஆலையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். லாரி லாரியாக மூட்டை வந்து இறங்கும். எடை பார்த்து, ஈரம் பார்த்து, ரசீது போடுவேன். அதை ரொட்டியாகத் தட்டி மனிதர் சாப்பிடுவார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மகள் ஸ்பெயின் நாட்டின் வடக்கே, அஸ்தூரியாஸ் பகுதியில் உள்ள ஓவியேடோ நகரத்தில் இருக்கிறாள். நானும் வீட்டுக்காரியும் அங்கே மூன்று மாதம் தங்கியிருந்தோம். மழை அதிகம் பெய்யும் ஊர். சாப்பாடு குறையில்லை, ஆனால் காரம் என்ற பேச்சே கிடையாது. பத்தே நாளில் நாக்கு செத்துவிட்டது. "வாங்கப்பா, மெக்சிகோ கடைக்குப் போலாம். அங்க மிளகாய் போடுவாங்க" என்று மகள் கூட்டிப் போனாள்.

தோர்த்தியா என்று சொன்னாள். ஸ்பெயின்காரருக்கு அது உருளைக்கிழங்கு போட்ட கனத்த முட்டை அடை. மெக்சிகோக்காரருக்கு மெல்லிய ரொட்டி. வந்தது இரண்டாவது வகை. பிட்டு மோந்து பார்த்ததுமே வீட்டுக்காரி தட்டைத் தள்ளி வைத்தாள். "ஏனுங்க, இது கோழிக்குப் போடறதுதானுங்க?" என்றாள்.

கோழி மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். அறுபதுகளில் நம் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுக்கு அமெரிக்காவின் கேர் அமைப்பு மூலம் மக்காச்சோள மாவும் பால் பவுடரும் வந்தன. அந்த மஞ்சள் உப்புமாவை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் அடுப்பு எரியாத பிள்ளைகள்தான் அந்த வரிசையில் நின்றார்கள். அவளும் நின்றவள்.

நான் மட்டும் சாப்பிட்டேன். வாசனை வேறு மாதிரி இருந்தது, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் பக்கம் நிற்பது போல. கடைக்காரப் பெண்ணிடம் மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். "சுண்ணாம்புதான்" என்றாளாம். காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறப்போட்டு, தோலைக் கழுவி, அம்மி போன்ற கல்லில் அரைத்து, கல்லில் போட்டுச் சுடுவார்கள். நிஷ்தமால் என்று பெயர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மெக்சிகோப் பெண்கள் செய்துவரும் வேலை.

அந்த ஊருக்கும் இந்தச் சுண்ணாம்புக்கும் ஒரு பழைய கதை இருப்பது பிறகுதான் தெரிந்தது.

1493-ல் கொலம்பஸ் திரும்பி வந்தபோது மக்காச்சோளம் ஸ்பெயினுக்கு வந்தது. மழை மிகுந்த அஸ்தூரியாஸில் கோதுமை சரியாக வராது, இது நன்றாக வந்தது. ஏழைகளின் ரொட்டி அதுவே ஆனது. இன்றும் அங்கே கிராமங்களில் கால் நட்டு உயர்த்திக் கட்டிய பழைய மரக் களஞ்சியங்களைப் பார்க்கலாம். எலி ஏறாமலிருக்க ஒவ்வொரு காலின் மேலும் தட்டைக் கல் வைத்திருப்பார்கள்.

1735-ல் ஓவியேடோவில் மருத்துவராக இருந்த காஸ்பார் கசால் ஒரு புது நோயைக் கவனித்தார். வெயில் படும் கை, கால், கழுத்தில் தோல் சிவந்து, வெடித்து, கறுக்கும். கழுத்தில் மாலை போட்டது போல வளையமாகத் தெரியும். வயிற்றுப்போக்கு வரும், புத்தி தடுமாறும், கடைசியில் சாவு. நோயாளிகள் பரம ஏழைகள், முக்கிய உணவு மக்காச்சோளம், இறைச்சியைக் காண்பதே அபூர்வம் என்று எழுதினார். அவர் இறந்த பிறகு 1762-ல்தான் அந்தப் புத்தகம் வந்தது. இத்தாலியில் அதே நோய்க்குப் பெல்லாக்ரா என்று பெயர் வைத்தார்கள்.

ஐரோப்பாவில் கெட்டுப்போன தானியத்தைப் பழித்தார்கள், ஏழைகளின் அழுக்கைப் பழித்தார்கள். நயாசின் என்ற வைட்டமின் குறைவுதான் காரணம் என்பது 1937-ல்தான் உறுதியானது. மக்காச்சோளத்தில் நயாசின் உண்டு, ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. அதனால்தான் அதையே தின்று வாழ்ந்த மெக்சிகோவில் இந்த நோய் பெரிதாக இல்லை. கப்பலில் தானியத்தை ஏற்றியவர்கள், அதைச் சமைத்த பெண்களிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தக் கதையில் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். 1918-ல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். மக்காச்சோளமே சாப்பிடாத தக்காணத்து ஏழைகளுக்கும் பெல்லாக்ரா வருவதை அவர் ஆராய்ந்தார். அவர்கள் உணவு நம் சாதாரணச் சோளம். அதில் மிகுதியாக உள்ள லியூசின் என்ற பொருள், உடம்பில் நயாசின் வேலையைக் கெடுக்கிறது என்ற கருத்தை 1960-ல் ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து வெளியிட்டார். நூறு வயது வாழ்ந்து 2019-ல் மறைந்தார். என் பாட்டி காலத்தில் சோளச் சோறுதான் எங்கள் வீட்டிலும். கூடவே மோரும் பருப்பும் கீரையும் இருந்ததால் தப்பித்தோம். எந்தத் தானியமும் தனியாக நின்றால் ஏழையைக் கைவிட்டுவிடும்.

இதையெல்லாம் வீட்டுக்காரியிடம் சொன்னேன். சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் திரும்பிய அடுத்த வாரம், "அந்தச் சோளம் ரெண்டு படி வாங்கிட்டு வாங்க. வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பும் வாங்கிக்குங்க" என்றாள்.

இரவு ஊறவைத்து, காலையில் தோல் போகக் கழுவி, கிரைண்டரில் அரைத்துத் தட்டினாள். முதல் நாலு உடைந்துபோனது. ஐந்தாவது உருண்டையாக வந்தது. மிளகாய்ச் சட்னி தொட்டு ஒரு வாய் வைத்தவள் சொன்னாள்: "அன்னிக்கு அந்த ஆயாவுக்கும் யாராச்சும் சொல்லிக் குடுத்திருந்தா, உப்புமாவும் நல்லா இருந்திருக்குமுங்க."