எத்தனை ட்ரான்சிஸ்டர்?

இன்னைக்கு மொபைல் வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல்னு கேட்கிறோம். 1960-களில் ரேடியோ கடையில் கேட்ட கேள்வி: எத்தனை ட்ரான்சிஸ்டர்?

அந்தக் கேள்வி முட்டாள்தனமா ஆரம்பிக்கலை. 1954-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ட்ரான்சிஸ்டர் ரேடியோ, ரீஜென்சி டிஆர்-1. விலை 49.95 டாலர். உள்ளே நாலே நாலு ட்ரான்சிஸ்டர். ஒவ்வொண்ணும் விலை அதிகம். இன்னொண்ணு சேர்த்தா சிக்னலைப் பெருக்க இன்னொரு படி கிடைக்கும். அப்புறம் விலை சரிஞ்சது, எண்ணிக்கை விளம்பரமா மாறிச்சு. எட்டு, பத்துன்னு ரேடியோவின் முகப்பிலேயே அச்சடிச்சாங்க. சில தயாரிப்பாளர்கள் வேலையே செய்யாத ட்ரான்சிஸ்டர்களைச் சும்மா போர்டில் சால்டர் பண்ணி வச்சு கணக்குக் காட்டினாங்க. யாருமே கால் பண்ணாத ஃபங்ஷன் மாதிரி!

தூரத்து ஏஎம் ஸ்டேஷனுக்கு நிஜமாவே முக்கியம் வேற ஒண்ணு: உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் கம்பி. மீடியம் வேவுக்கு அதுதான் ஆன்டெனா. பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மீடியம் வேவை உறிஞ்சிடும். இருட்டினதும் அந்த அடுக்கு மறையும், மேலடுக்கில் பட்டு அலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். ஆனா வர்ற சிக்னல் பலவீனமானது. கம்பி குட்டியா இருந்தா, ரேடியோவின் சொந்த இரைச்சலே அதை மூழ்கடிச்சிடும். அதுக்கப்புறம் எத்தனை ட்ரான்சிஸ்டர் போட்டாலும் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும்.

1970-களில் இதைப் புரிஞ்சு செஞ்ச ரெண்டு பெட்டிகள் வந்தன. ஜிஇ சூப்பர்ரேடியோவில் சுமார் 20 சென்டிமீட்டர் கம்பி. ஏஎம், எஃப்எம் தவிர வேற எதுவும் கிடையாது. பானசோனிக் ஆர்எஃப்-2200-ல் கம்பியைப் பெட்டியின் தலைமேல் வச்சு, தனியா சுழற்ற விட்டாங்க. என் ஓட்டு இதுக்குத்தான். ஏன்னா ஃபெரைட் கம்பியின் முனை எந்த ஸ்டேஷனைப் பார்க்குதோ, அது அமுங்கிடும். ஒரே அலைவரிசையில் ரெண்டு ஸ்டேஷன் மோதினா, ஒண்ணை அணைச்சு இன்னொண்ணைக் கேட்கலாம். நம்ம ஊர்ல இலங்கை வானொலிக்காக ரேடியோவைத் திருப்பித் திருப்பி வச்சதா பெரியவங்க சொல்வாங்களே, அது மூடநம்பிக்கை இல்லை, இதே இயற்பியல்.

எஃப்எம் கதை வேற. அந்த அலை பொதுவா அயனி மண்டலத்தைத் துளைச்சுட்டுப் போயிடும், தொடுவானத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். அங்கே கம்பி நீட்டி மொட்டை மாடி ஏறுறது பாதி வேலை. மீதி, பக்கத்து உள்ளூர் ஸ்டேஷனை வெட்டி ஒதுக்குற ஃபில்டர். டெக்சன் பிஎல்-310 மாதிரி டிஎஸ்பி சிப் வச்ச கையடக்க ரேடியோக்கள் இதை அருமையா செய்யுது.

ஏஎம்-ல மட்டும் சிப்பால் கம்பிக்கு ஈடு கொடுக்க முடியலை. அதனால சில ஆர்வலர்கள் இந்தக் குட்டி ரேடியோக்களைப் பிரிச்சு, உள்ளிருக்கும் கம்பியைக் கழற்றிட்டு, ரேடியோவைவிட நீளமான ஒண்ணை வெளியே தலைமேல் கட்டிக்கிறாங்க.