மில்லர் பார்க் பாரந்தூக்கி விபத்து

மில்லர் பார்க் பாரந்தூக்கி விபத்து என்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள மில்வாக்கி நகரில் 1999 சூலை 14 அன்று நிகழ்ந்த கட்டுமான விபத்தாகும். உயரத்தில் தொங்கிய ஆட்கூடைக்குள் இருந்த மூன்று எஃகுக் கட்டுமானத் தொழிலாளர்கள் இதில் உயிரிழந்தனர்.

அங்கு, திறந்து மூடும் கூரையுடன் பேஸ்பால் அரங்கம் ஒன்று கட்டப்பட்டு வந்தது. கூரைப் பகுதிகளைத் தூக்கி வைக்க, 'பிக் புளூ' எனப்பட்ட, 500 அடிக்கும் மேல் உயரமான பாரந்தூக்கி (கிரேன்) பயன்பட்டது. அன்று அது தூக்கிய பகுதி 400 டன்னுக்கும் அதிக எடை கொண்டது. அதைப் பொருத்துவதற்காக மூவரும் வேறொரு பாரந்தூக்கியில் தொங்கிய கூடையில் காத்திருந்தனர். காற்று பலமாக வீசியபோது பிக் புளூ சரிந்து, கூடையைத் தாங்கிய பாரந்தூக்கியின் மீது மோதியது. கூடையும் கீழே விழுந்தது.

பாரந்தூக்கியின் மீது படும் காற்று கணக்கிடப்பட்டிருந்தது. ஆனால், கப்பற்பாய் போல் அகன்றிருந்த கூரைப் பகுதியின் மீது காற்று தரும் அழுத்தம் கணக்கிடப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. மத்திய தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷா, மூன்று நிறுவனங்களுக்கு மொத்தம் 5 லட்சம் டாலருக்கும் மேல் அபராதம் விதித்தது. 2000-இல் திறக்கப்பட இருந்த அரங்கம் 2001-இல் திறக்கப்பட்டது.

இடுப்பிலும் தோளிலும் அணியும் பாதுகாப்புப் பட்டை, தொழிலாளி கூடையிலிருந்து தவறி விழாமல் காக்கும். கூடையைத் தாங்கும் இயந்திரமே வீழ்ந்தால் காக்காது. ஆகவே உயரத்தில் ஆட்கள் இருக்கும்போது, அருகில் நடக்கும் தூக்குவேலையை நிறுத்துவதும் அவர்களுக்கான பாதுகாப்பே. இறந்த மூவரின் நினைவாக அரங்கின் முன் சிலை நிறுவப்பட்டுள்ளது.