மருத்துவத் தாவரங்களின் அகவாழ் பாக்டீரியா

மருத்துவத் தாவரங்களின் அகவாழ் பாக்டீரியா என்பது, மருந்தாகப் பயன்படும் தாவரங்களின் வேர், தண்டு, இலை, விதை ஆகியவற்றின் உள்ளே, தாவரத்துக்கு நோய் உண்டாக்காமல் வாழும் பாக்டீரியாவைக் குறிக்கும். தாவரங்களுக்குள் வாழும் நுண்ணுயிர்களுக்கான அறிவியற் சொல்லை செருமானியத் தாவரவியலாளர் அன்டன் டி பாரி 1866 இல் அறிமுகப்படுத்தினார். ஒரு மூலிகையின் மருத்துவ குணத்துக்குக் காரணமான வேதிப்பொருளை அத்தாவரமே முழுமையாக உருவாக்குகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சில தாவரங்களில் அப்பொருளை உருவாக்குவது அல்லது அதன் அளவைக் கூட்டுவது உள்ளே வாழும் பாக்டீரியா என்பது பின்னர் தெரியவந்தது.

வாழிடம்

பக்கவேர்கள் முளைக்கும் இடங்களில் உள்ள வெடிப்புகள், இலைத்துளைகள், காயங்கள் ஆகியவற்றின் வழியாக இப்பாக்டீரியா தாவரத்துக்குள் நுழைகிறது. சில வகைகள் விதை மூலம் அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. இவை பெரும்பாலும் உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளிகளில் வாழ்ந்து, தாவரத்திடமிருந்து சர்க்கரை முதலிய உணவைப் பெறுகின்றன.

வேதிப்பொருட்களுடன் தொடர்பு

இத்தொடர்பை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. பாக்டீரியாவே உருவாக்குதல்: சீன மரபு மருத்துவத்தில் பயன்படும் ஆர்டிசியா கிரெனாட்டா என்னும் செடியிலிருந்து எஃப்ஆர்900359 என்ற பொருள் 1988 இல் பிரித்தெடுக்கப்பட்டது. இது உயிரணுக்களில் செய்தி கடத்தும் ஜிகியூ புரதங்களைத் தடுக்கிறது. இதை உருவாக்கும் மரபணுக்கள் செடியில் இல்லை. இலை விளிம்பு முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவில் உள்ளன. இந்தப் பாக்டீரியா இல்லாத செடி குன்றிவிடும்.

2. கூட்டாக உருவாக்குதல்: புற்றுநோய் உயிரணுக்களை அழிக்கும் மேடான்சின், எத்தியோப்பியாவில் சேகரிக்கப்பட்ட மேடெனசு என்ற புதர்ச்செடியிலிருந்து கிடைத்ததாக 1972 இல் அறிவிக்கப்பட்டது. இதன் அமைப்பு பாக்டீரியா உருவாக்கும் நுண்ணுயிர் எதிரிகளை ஒத்திருந்ததால் தொடக்கத்திலேயே ஐயம் எழுந்தது. இதன் உருவாக்கத்தில் செடிக்கும் பாக்டீரியாவுக்கும் பங்குண்டு என்று 2016 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

3. மாற்றியமைத்தல்: நுண்ணுயிர் நீக்கி வளர்க்கப்பட்ட வெட்டிவேர் மிகக் குறைந்த எண்ணெயையே தருகிறது. வேரில் வாழும் பாக்டீரியா எண்ணெயின் கூறுகளை வேறு மணப்பொருட்களாக மாற்றுவது 2008 இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது.

4. தூண்டுதல்: நித்தியகல்யாணியில் சில அகவாழ் பாக்டீரியாக்களைச் செலுத்தியபோது, விண்டோலின் என்ற ஆல்கலாய்டின் அளவு கூடியது. புற்றுநோய் மருந்தான வின்பிளாசுட்டின் உருவாக விண்டோலின் தேவை. இங்கு ஆல்கலாய்டைத் தயாரிப்பது தாவரமே.

உறுதிப்படுத்துவதில் உள்ள சிக்கல்

தாவரத்திலிருந்து பிரித்த நுண்ணுயிரின் வளர்ப்பு ஊடகத்தில் ஒரு பொருள் சிறிதளவு காணப்படுவது போதிய சான்றாகாது. அது தாவரத்திலிருந்து ஒட்டிவந்த எச்சமாகவும் இருக்கலாம். பசிபிக் யூ மரத்தில் வாழும் ஒரு பூஞ்சை டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தை உருவாக்குவதாக 1993 இல் அறிவிக்கப்பட்டது. பட்டையை உரித்தால் மரம் இறந்துவிடும் என்பதால் இச்செய்தி பெரும் எதிர்பார்ப்பை ஏற்படுத்தியது. ஆனால் 2013 இல் வெளியான மறுஆய்வில், அப்பூஞ்சை தானாக டாக்சால் உருவாக்குவதற்குச் சான்று கிடைக்கவில்லை.

உரிய மரபணுக்களை வேறொரு உயிரிக்கு மாற்றி, அது அப்பொருளை உருவாக்குகிறதா என்று பார்ப்பது வலுவான சோதனையாகும். எஃப்ஆர்900359 இவ்வாறு எசரிக்கியா கோலை பாக்டீரியாவில் உருவாக்கப்பட்டது 2018 இல் அறிவிக்கப்பட்டது.

முக்கியத்துவம்

மேடான்சின் புதர்ச்செடிகளில் மிகக் குறைவாகவே உள்ளது. அதை ஒத்த அன்சாமைட்டோசின் என்ற பொருளை ஆக்டினோசின்னிமா என்ற பாக்டீரியா உருவாக்குவது 1970களில் அறியப்பட்டது. நொதிக்கலன்களில் பெறப்படும் அப்பொருளிலிருந்து, 2013 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மார்பகப் புற்றுநோய் மருந்தொன்றின் நச்சுக்கூறு தயாரிக்கப்படுகிறது. இதனால் அம்மருந்துக்காகக் காட்டுச்செடிகளை வெட்ட வேண்டிய தேவை எழவில்லை.

பயிரிடப்படும் மூலிகையின் வீரியம் இடத்துக்கு இடம் வேறுபடுவதற்கு மண், காலநிலை ஆகியவற்றோடு அகவாழ் பாக்டீரியாவும் ஒரு காரணமாகலாம். எனவே அரிய மூலிகைகளைத் திசு வளர்ப்பில் பெருக்கும்போது, அவற்றின் நுண்ணுயிர்களையும் கருத்திற் கொள்ள வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

கூட்டுயிர் வாழ்வு
நைட்ரசன் நிலைப்படுத்தல்
நித்தியகல்யாணி
வெட்டிவேர்