லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி வாக்களிப்பு முறை

அனைத்து மக்களுக்குமான வாக்களிப்புத் தீர்வுகள் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நிருவாகம் உருவாக்கிய வாக்களிப்பு முறையாகும். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இது வி.எஸ்.ஏ.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள், முதியோர், ஆங்கிலம் அறியாதோர் உட்பட அனைவரும் ஒரே வகை இயந்திரத்தில் வாக்களிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை நோக்கம் ஆகும். 2020 மார்ச் 3 அன்று நடைபெற்ற முதனிலைத் தேர்தலில் இம்முறை கவுண்டி முழுவதும் பயன்பாட்டுக்கு வந்தது.

பின்னணி

அமெரிக்காவில் தேர்தலை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் உள்ளூர் அரசுகளிடம் உள்ளது. எனவே எந்த இயந்திரத்தை வாங்குவது என்பதையும், மாநில அரசின் சான்றிதழுக்கு உட்பட்டு, அவையே முடிவு செய்கின்றன. 2000ஆம் ஆண்டு புளோரிடாவில் துளை அட்டை வாக்குச்சீட்டுகளால் ஏற்பட்ட குழப்பத்தைத் தொடர்ந்து, 2002இல் அமெரிக்கா வாக்களிக்க உதவும் சட்டம் இயற்றப்பட்டது. கூட்டாட்சித் தேர்தல்களில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் மாற்றுத்திறனாளிகள் பிறர் உதவியின்றி, இரகசியமாக வாக்களிக்கக்கூடிய ஒரு கருவியேனும் 2006 சனவரி 1 முதல் இருக்க வேண்டும் என இச்சட்டம் கூறியது. அதற்கு முன்னர் பார்வையற்ற வாக்காளர் பலர் தமது தெரிவை உறவினரிடமோ தேர்தல் பணியாளரிடமோ கூறி வாக்களிக்க வேண்டியிருந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஐக்கிய அமெரிக்காவிலேயே மிகப்பெரிய தேர்தல் நிருவாகப் பகுதியாகும். இங்கு 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் பதிவு செய்துள்ளனர். துளை அட்டைகளுக்குப் பதிலாக 2003இல் இன்காவோட் என்னும் மை அடையாள முறை கொண்டுவரப்பட்டது. இதன் அட்டையில் எண்கள் மட்டுமே இருந்தன. வேட்பாளர் பெயர்கள் இல்லை. பின்னர் மாற்றுத்திறனாளிகளுக்காக ஒலிவழி வாக்களிப்புக் கருவி தனியாகச் சேர்க்கப்பட்டது.

உருவாக்கம்

சந்தையில் கிடைத்த இயந்திரங்கள் கவுண்டியின் பரப்புக்கும் மொழிப் பன்மைக்கும் போதுமானவையாக இல்லை எனக் கருதிய பதிவாளர் அலுவலகம், 2009இல் இத்திட்டத்தைத் தொடங்கியது. பதிவாளர் டீன் லோகன் இதற்குத் தலைமை தாங்கினார். ஐடியோ என்னும் வடிவமைப்பு நிறுவனத்தின் துணையுடன் மாதிரிகள் உருவாக்கப்பட்டு, பலதரப்பட்ட வாக்காளர்களிடம் சோதிக்கப்பட்டன. 2018 சூனில் கவுண்டியின் மேற்பார்வையாளர் குழு, இயந்திரங்களைத் தயாரிக்க ஸ்மார்ட்மேட்டிக் நிறுவனத்துடன் 28.2 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தது.

இயங்கும் முறை

இவ்வியந்திரம் வாக்குகளைச் சேமிப்பதில்லை. இது வாக்குச்சீட்டில் குறியிடும் கருவி மட்டுமே. வாக்காளர் வெற்றுச் சீட்டைச் செலுத்தி, தொடுதிரையில் தமது தெரிவுகளைச் செய்வார். அத்தெரிவுகள் எழுத்திலும் கியூஆர் குறியீட்டிலும் சீட்டில் அச்சிடப்படும். வாக்காளர் சரிபார்த்துத் திரும்பச் செலுத்தியதும் சீட்டு இயந்திரத்துடன் இணைந்த பெட்டிக்குள் செல்லும். பின்னர் சீட்டுகள் மைய இடத்தில் எண்ணப்படும்.

அணுகுதிறன் வசதிகள்

* திரையின் சாய்வு, எழுத்தின் அளவு, நிற வேறுபாடு ஆகியவற்றை மாற்றலாம்.
* பார்வையற்றோர் ஹெட்போன் வழியே கேட்டு, தொட்டு உணரக்கூடிய பொத்தான்கள் மூலம் தெரிவு செய்யலாம்.
* கைகளை இயக்க இயலாதோர், வாயால் உறிஞ்சியும் ஊதியும் இயக்கும் கருவி போன்ற தமது சொந்தத் துணைக்கருவிகளை இணைக்கலாம்.
* 2020இல் ஆங்கிலம், இசுப்பானியம், சீனம், கொரியம், ஆர்மீனியம், இந்தி உட்பட 13 மொழிகளில் வாக்களிக்க முடிந்தது.
* வீட்டிலேயே மாதிரிச் சீட்டை நிரப்பி, அதற்குரிய கியூஆர் குறியீட்டை மையத்தில் காட்டித் தெரிவுகளை இயந்திரத்தில் ஏற்றலாம்.

தனி இயந்திரம் ஒன்றை மூலையில் வைக்கும்போது, பணியாளருக்கு அதை இயக்கும் பழக்கம் குறைவாக இருக்கும். அதில் மிகச் சிலரே வாக்களித்தால் அவர்களது வாக்கின் இரகசியமும் கெடலாம். அனைவருக்கும் ஒரே இயந்திரம் என்னும் கொள்கை இவ்விரு குறைகளையும் தவிர்க்கிறது.

விமர்சனங்கள்

திரையில் ஒரு நேரத்தில் நான்கு வேட்பாளர்களின் பெயர்களே தோன்றின. ஏனையோரைக் காண "மேலும்" என்னும் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. இது பின்வரிசை வேட்பாளர்களுக்குப் பாதகமானது எனக் கூறி, பெவர்லி ஹில்ஸ் நகர நிருவாகம் 2020 சனவரியில் வழக்குத் தொடுத்தது. அதே மாதம் மாநிலச் செயலாளர் அலெக்ஸ் பாடில்யா, கையால் நிரப்பும் சீட்டையும் வாக்காளர்களுக்கு வழங்க வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளுடன் சான்றிதழ் அளித்தார்.

கியூஆர் குறியீட்டை மனிதர் படித்துச் சரிபார்க்க இயலாது எனக் கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் சுட்டிக்காட்டினர். எழுத்தில் அச்சிடப்பட்ட தெரிவுகளைக் கொண்டு கையால் மறு எண்ணிக்கை செய்ய முடியும் என்பது இதற்கான பதிலாகும். எனினும், வாக்காளர் சீட்டைக் கவனமாகப் படித்துப் பார்த்தால் மட்டுமே இப்பாதுகாப்பு பயனளிக்கும். திறமூல முறையாகத் திட்டமிடப்பட்டதாகக் கூறப்பட்டபோதும், 2020 முதனிலைத் தேர்தலின்போது மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டிருக்கவில்லை என்பதும் குறையாகக் கூறப்பட்டது.

முதல் தேர்தலில் பல மையங்களில் வாக்காளர்கள் மணிக்கணக்கில் காத்திருந்தனர். வாக்காளர் பெயரைச் சரிபார்க்கும் மின்னணுப் பட்டியல் கருவிகளின் தரவு ஒத்திசைவுக் கோளாறே இதற்கு முதன்மைக் காரணம் எனக் கவுண்டியின் ஆய்வு கண்டறிந்தது. நீண்ட நேரம் நிற்க இயலாதவர்களுக்கு இத்தாமதமும் ஒரு தடையே ஆகும். 2020 நவம்பர் பொதுத் தேர்தலில் அனைத்து வாக்காளர்களுக்கும் அஞ்சல்வழிச் சீட்டு அனுப்பப்பட்டதுடன், இம்முறையும் தொடர்ந்து பயன்படுத்தப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்
* இரகசிய வாக்கெடுப்பு
* அணுகுதிறன்